கொடிகாமத்தோடு நின்றுபோன கார்

கொழும்பு வெள்ளவத்தையில் நான் இருக்கும் அறைக்குக் கீழே யாரோ மாலையில் மண்ணெண்ணெய் அடுப்பு மூட்டுகிறார்கள். திரியில் நெருப்புப் பிடிப்பதற்குச் சற்று முன்னர் எழும் அந்தப் பச்சை நெடி படியேறி வந்து கதவுக்கடியால் நுழைகிறது. மற்றவர்களுக்கு அது இராச்சாப்பாட்டின் மணம். எனக்கு அது இருபத்தைந்து மைல் தெரு, ஐப்பசி மழை, பின்சீற்றில் ஒரு காலை நீட்டியபடி இருக்கும் என் அக்கா. யன்னலைச் சாத்திப் பார்த்திருக்கிறேன். நெடி நின்றுவிடும். தெரு நிற்பதில்லை.

அந்தத் தெருவால் போகாதவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லவேண்டும். ஆனையிறவுப் பாதை மூடிக்கிடந்த காலம். குடாநாட்டை விட்டு வெளியே போவதென்றால் கிளாலிக்குப் போய் நீரேரியை வள்ளத்தில் கடக்கவேண்டும். அதற்குப் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு எடுக்கவேண்டும். பாஸில் எந்த நாள் போட்டிருக்கிறதோ அந்த ஒரு நாளுக்குத்தான் அது செல்லும். தவறினால் மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும்.

பெற்றோல் வருவதில்லை. மண்ணெண்ணெய் கொஞ்சம் வரும். ஆகவே யாழ்ப்பாணத்தின் பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடப் பழகியிருந்தன. ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. ஸ்ராட் செய்ய ஒரு மிடறு பெற்றோல் வேண்டும். சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். நிறுத்துவதற்கு முன்னரும் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி, காபரேற்றரைப் பெற்றோலால் நிரப்பிவிட்டுத்தான் நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் அடுத்தமுறை அது எழும்பாது. அந்த வருடங்களில் சின்னப்பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம் இது.

அக்காவின் மகன் சேந்தன் கொழும்பில் இருந்தான். சனிக்கிழமை அவனுக்குக் கனடாவுக்கு விமானம். ஐந்து வருடமாகத் தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. எங்கள் இருவருக்கும் கிடைத்த பாஸ் புதன்கிழமைக்கு. செல் குண்டு விழுந்து குசினிச் சுவர் சரிந்த நாளிலிருந்து அக்காவின் வலது முழங்கால் மடங்குவதில்லை. சைக்கிள் கரியரில் அவளை ஏற்ற முடியாது. மினிபஸ்ஸின் நெரிசலுக்குள் அந்தக் கால் நுழையாது. அகலமான பின்சீற் உள்ள கார் ஒன்றுதான் வழி.

*காலை பத்தரை, நல்லூர்.* குருநகர் மரியதாஸ் அண்ணை தன் ஒஸ்ரின் ஏ-நாற்பது காரைக் கொண்டுவந்து படலையடியில் நிறுத்தினார். கடலுக்குப் போகத் தடை வந்த பிறகு வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு, மாமனாரின் காரை எடுத்து வாடகைக்கு ஓட்டுபவர். கிளாலிவரை மூவாயிரத்து ஐந்நூறு ரூபா. முன்கண்ணாடியின் இடது ஓரத்தில், வெளிப்புறமாக, ஒரு சேலைன் போத்தில் தலைகீழாகத் தொங்கியது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பொனற்றுக்குள் போயிற்று. போத்திலுக்கு மேலே ஒரு பொலித்தீன் சொப்பிங் பை தொப்பிபோலக் கவிழ்க்கப்பட்டிருந்தது.

“மரியதாஸ், உம்மடை காருக்கு என்ன வருத்தம்? சேலைன் ஏத்தியிருக்கு?” என்றாள் அக்கா.

“வயசுபோன மனிசியக்கா. ஏத்தினாத்தான் எழும்புவா.”

கிட்டப் போனபோது பெற்றோல் மணத்தோடு தவறணைக் கள்ளு மணமும் வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார்.

“கால்வாசி ஸ்பிரிற்று, தம்பி. பனங்கள்ளிலை காய்ச்சினது. பெற்றோல் விக்கிற விலைக்கு இழுத்துத்தானே ஓடவேணும்.”

“எஞ்சினுக்கு ஒண்டும் செய்யாதோ?”

“செய்யாமல்? ரப்பரைத் தின்னும். காபரேற்றருக்குள்ளை முப்பது வருசமாப் படிஞ்சு கிடக்கிற இரும்புக் கறளைக் கழுவிக் கீழை கொண்டுவரும். எழும்பேக்கை நல்லாத்தான் எழும்பும். பிறகுதான் தெரியும். குடிக்கிற மனிசரைப் போலைதான்.”

அக்காவை இரண்டு பேராகத் தூக்கிப் பின்சீற்றில் வைத்தோம். கால் ஒரு கதவிலிருந்து மறு கதவுவரை நீண்டது. அவள் மடியில் ஒரு சின்னத் தகரப் போணி, அதற்குள் மகனுக்குப் பயத்தம்பணியாரம்.

*பதினொரு மணி.* வெள்ளைப் புகையை ஒழுங்கை முழுக்க விட்டுவிட்டுக் கார் நகர்ந்தது. மணிக்கு ஆறேழு மைல் இருக்கலாம். அதற்குமேல் போனால் எஞ்சின் தட்டத் தொடங்கியது. செம்மணி வெளியில் வானமும் தண்ணீரும் ஒரே ஈயம். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறதென்று சொல்லமுடியாத அந்த வெளியில், எங்களைத் தவிர அசைவதெல்லாம் சைக்கிள்கள். குடை பிடித்த சைக்கிள்கள், விறகு கட்டிய சைக்கிள்கள், மூன்று பேர் ஏறிய சைக்கிள்கள். காலையில் பொம்மர் விமானம் சுற்றியதால் மினிபஸ்கள் மரங்களின் கீழ் முடங்கிவிட்டன என்று ஒருவர் சொல்லிக்கொண்டே கடந்து போனார்.

நாவற்குழிப் பாலம் தாண்டி, கைதடிக்குள் நுழைந்தபோது மழை பிடித்தது. என் பக்கத்துக் கதவில் கண்ணாடி இல்லை. என் மடியில் துணிப்பை, அதற்குள் மூன்று கொப்பிகள். நான் எழுதிய இருபது வருடத்து வரிகள். மழை அவற்றை நோக்கியே பெய்வதுபோல இருந்தது. மரியதாஸ் அண்ணை தெருப் பள்ளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கண்ணை மூடியிருந்தாள். நான் கையை வெளியே நீட்டி, சேலைன் போத்திலுக்கு மேல் கவிழ்ந்திருந்த சொப்பிங் பையை உருவி, கொப்பிகளைச் சுற்றி வைத்தேன். கண்ணாடிப் போத்தில்தானே, அதற்குள் மழை எப்படிப் போகும் என்று நினைத்தேன். தலைகீழான போத்திலின் மேல்முனையில், காற்றுப் போக ஒரு ஓட்டை துளைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. கேட்கவுமில்லை.

*பன்னிரண்டே முக்கால், சாவகச்சேரி. பத்து மைல்.* எஞ்சினை நிறுத்தாமலே தேத்தண்ணி. கடைக்காரர் புகையைக் கையால் விசிறிக்கொண்டு வந்தார்.

“என்ன அண்ணை, நுளம்புக்குப் புகை போடுறியளோ?”

“ஓம், உன்ரை கடையிலைதான் கனக்க எண்டு சொன்னாங்கள்.”

அக்கா சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் சிரித்தது அதுதான் கடைசி. “தம்பி, சேந்தன் இப்ப மீசை வச்சிருப்பானோ?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். “வச்சிருந்தால் கொத்தான்ரை முகமாத்தான் இருக்கும்” என்றாள், போணியைத் தடவியபடி. எங்கள் பேச்சில் கொம்மா என்றால் உன் அம்மா, கொத்தான் என்றால் உன் அத்தான்; அவள் சொன்னது என் அத்தானை, செத்துப்போன தன் கணவனை.

*ஒன்றே முக்கால், கொடிகாமம்.* சந்திக்குச் சற்று முன்னால் காவற் சென்றியில் நின்றவர் கையை விரித்துக்கொண்டு தெருவுக்குள் ஓடிவந்தார்.

“எஞ்சினை நிப்பாட்டுங்கோ! ஹெலிச் சத்தம் கேக்குது. காரை மரத்துக்குக் கீழை விடுங்கோ!”

“தம்பி, நிப்பாட்டினால் இது எழும்பாது. நோயாளி ஒராள் இருக்கிறா.”

“எல்லாரும் உதைத்தான் சொல்லுறியள். சத்தம் கேக்கவேணுமண்ணை, நிப்பாட்டுங்கோ.”

காரைப் புளியமரத்தின் கீழ் விட்டார். அப்போதும் மரியதாஸ் அண்ணை பதறவில்லை. செய்யவேண்டியதை ஒழுங்காகச் செய்தார். மண்ணெண்ணெயைப் பூட்டினார். சேலைன் குழாயின் பிடியைத் திறந்தார். அரை நிமிடம் காத்திருந்தார். அவர் நிறுத்துவதற்கு முன்பே எஞ்சின் இரண்டு தரம் செருமி, உலுக்கி, தானாக நின்றது.

மழையும் நின்றிருந்தது. ஹெலி தென்கிழக்கே எங்கேயோ அரைத்துக்கொண்டு போய்த் தேய்ந்தது. அதன் பிறகு வந்த அமைதியில் அவர் இறங்கி, போத்திலைக் கழற்றி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். போத்திலுக்குள் இரண்டு நிறம். மேலே மெல்லிய மஞ்சளாகப் பெற்றோல். கீழே, குழாய் தொடங்கும் இடத்தில், கலங்கிய வெள்ளையாக வேறொன்று.

“உள்ளை தண்ணி போட்டுது” என்றார். “ஒரு கரண்டி தண்ணி காணும், ஸ்பிரிற்று முழுக்க அதோடை சேர்ந்து பெற்றோலை விட்டிட்டு அடியிலை இறங்கியிடும். கடல்லை எண்டால் எண்ணெய்க் கானிலை ரெண்டு விரல் விட்டு மேலாலைதான் உறிஞ்சுவம். இது அடியாலை இறங்கிற போத்தில். நானே திறந்து, நானே காபரேற்றருக்குள்ளை விட்டிருக்கிறன்.” பிறகு முன்கண்ணாடியின் ஓரத்தைத் தடவினார். “இதிலை ஒரு பை கவிட்டனான். காத்துக் கொண்டுபோட்டுது போலை.”

என் மடியில் கொப்பிகள் காய்ந்தபடி இருந்தன. துணிப்பையின் வாயை இறுக்கி மூடினேன்.

அவர் காபரேற்றரைக் கழற்றினார். உள்ளே இருந்த ரப்பர் துண்டு அவிந்த கடலைபோல உப்பியிருந்தது. அடியில் கறள், செம்மண் சேறாக. மாதக்கணக்காகக் குடித்த ஸ்பிரிற்று செய்த வேலை. எல்லாவற்றையும் சாரத் தலைப்பால் துடைத்து, அடித்தண்ணீரை ஊற்றிவிட்டு, மேலே மிஞ்சிய இரண்டு விரல் பெற்றோலைக் கண்ணில் மருந்து விடுவதுபோல விட்டார். நானும் சென்றியில் நின்றவரும் தள்ளினோம். கார் ஒருமுறை பிடித்தது. அக்கா “முருகா!” என்று கத்தினாள். பத்து முழம் ஓடி நின்றது.

*இரண்டரை.* ஒரு வாத்தியார் பழைய மோட்டார் சைக்கிளில் எதிரே வந்தார். மறித்தோம். கதையைக் கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து கண்மருந்துப் போத்தில் ஒன்றை எடுத்தார். அவருடைய முழுச் சொத்து.

“முழுக்க விடுங்கோ. நான் ஊருக்குத் தள்ளிக்கொண்டு போவன், ஒரு மைல்தான். ஆனால் முதலே சொல்லிப்போடுறன், உதுக்குள்ளையும் சாராயந்தான். என்ரை சைக்கிளும் ரெண்டு மாசமா வெறியிலைதான் ஓடுது. பிஸ்ரன் அரிச்சுப் போச்சு.”

“வெறியெண்டாலும் அது ஓடுது, மாஸ்ரர்” என்றார் மரியதாஸ் அண்ணை. “என்ரையது செத்துப் போச்சு.”

விட்டோம். தள்ளினோம். எஞ்சின் மூச்சு விட்டது. சூடாவதற்கு முன்னர் போத்தில் முடிந்தது. பின் பெட்டியில் மூன்று கலன் மண்ணெண்ணெய் தளும்பிக்கொண்டிருந்தது, கிளாலிக்குப் போய் வரப் போதுமான அளவு. வாத்தியார் சொன்னபடியே தள்ளிக்கொண்டு போனார்.

*மூன்று மணி.* கிளாலிக்கு இன்னும் பத்து மைல். பாஸ் பதிகிற இடத்தை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மரத்தின் கீழ் நின்ற மினிபஸ்காரர் இருட்டும்வரை அசையமாட்டேன் என்றார். ஒரு மாட்டு வண்டி இருந்தது. பத்து மைலுக்கு நாலு மணித்தியாலம் என்றார் வண்டிக்காரர். அதை மறைக்காமல் சொன்னதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். தேத்தண்ணிக் கடையில் ஒரு சைக்கிள் இரவல் கிடைத்தது.

மரியதாஸ் அண்ணை விடவில்லை. “அக்கா, கரியரிலை ஏறுங்கோ. காலை நீட்டிக்கொண்டு இருங்கோ, நான் உழக்கிறன். கடல்லை இழுத்த கை கால்.” ஏற்றிப் பார்த்தோம். நீட்டிய கால் சைக்கிளை ஒரு பக்கம் இழுத்தது. இருபது யார் போவதற்குள் இருவரும் தெருவோரச் சேற்றில் கிடந்தார்கள். போணி திறந்து பணியாரம் சிதறியது. அக்கா அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சேற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, துடைத்து, பிறகு துடைத்து ஆகப்போவதென்ன என்று நினைத்தாளோ, அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

மரியதாஸ் அண்ணை தலையில் கையை வைத்துக்கொண்டு தெருவிலேயே குந்திவிட்டார். “என்ரை பிழை, அக்கா. அஞ்சு சதத்துக்கு ஆசைப்பட்டுச் சாராயத்தைக் கலந்து உங்கடை பிள்ளையைப் பறிச்சுப்போட்டன்.”

“அப்பிடிக் கதையாதையும். ஊர் முழுக்க உதைத்தானே செய்யுது” என்றாள் அக்கா.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். பை காற்றில் போகவில்லை, என் கொப்பிகளைச் சுற்றியிருக்கிறது என்று. ஒரு வசனம்தான். வசனம் எழுதித்தான் பிழைக்கிறேன் என்று சொல்லிக்கொள்பவன் நான். குனிந்து போணியின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன். எத்தனையோ ஊர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஒரு ஊரை விட்டுப் போகும்போது அதில் எதை விட்டுப்போகிறோம் என்று அழகாக எழுதுவேன். கொடிகாமத்தில் எதை விட்டேன் என்பதை இப்போதுதான், இந்தத் தாளில்தான், முதன்முறையாகச் சொல்கிறேன். மரியதாஸ் அண்ணை இதை வாசிப்பாரென்று நிச்சயமில்லை. அங்கே தபால் போவதற்கே மாதம் பிடிக்கிறது.

*மூன்று இருபது.* மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அக்காவைக் கிடத்தினோம். சாவகச்சேரியில் சின்னம்மா வீட்டில் இராத்தங்கிவிட்டு நல்லூருக்குத் திரும்புவாள். கார் புளியமரத்தின் கீழேயே நின்றது. பூவரசந் தடியொன்றை முறித்து, வெறுமையான சேலைன் போத்திலைக் கிளறியபடி மரியதாஸ் அண்ணை அதன் மட்கார்டில் சாய்ந்திருந்தார்.

நானும் திரும்புகிறேன் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளை போகும்போது இரத்த உரித்தில் ஒராள் என்றாலும் நின்று கையைக் காட்டவேண்டும், நீ போ, ஐந்துக்கு முன்னம் போய்ச்சேர் என்றாள். என் பாஸைத் தன் கையால் மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். தன்னுடையதை என்ன செய்வதென்று தெரியாமல் சிறிது நேரம் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பில் முடிந்தாள்.

சைக்கிளில் ஏறி ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்றேன்.

“சேந்தனுக்கு என்ன சொல்ல, அக்கா?”

வண்டிக்காரர் மாட்டைத் தட்டினார். சில்லு உருளத் தொடங்கிய பிறகுதான் அவள் தலையைத் தூக்கினாள்.

“நான் இவ்வளவு தூரம் வெளிக்கிட்டு வந்தனான் எண்டு சொல்லிப்போடாதை. கொம்மா வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டா எண்டு சொல்லு. கோவத்தோடை போகட்டும், தம்பி. கோவம் எண்டால்தான் திரும்பிப் பாக்காமல் போவான்.”