தனத்துக்கு நான் சொன்ன முடிவு

இன்று உளுந்தூர்பேட்டையில் கள்ளக்குறிச்சி பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுப் பெண் போனில் ஒரு காதல் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்த இருவர், குப்பையே இல்லாத பெரிய நகரம், எங்கும் விளக்குகள்.

எனக்குத் தோழி தனத்தின் ஞாபகம் வந்துவிட்டது.

1987, இடஒதுக்கீட்டுப் போராட்ட வருஷம் அது. ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டதால் எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்கு பஸ் இல்லை, வாரப் பத்திரிகையும் இல்லை. நாங்கள் உயிராகப் படித்த பம்பாய்க் காதல் தொடர்கதைக்கு அதுதான் கடைசி வாரம். தனத்துக்கோ நாலு நாளில் கல்யாணம், மாப்பிள்ளையைப் பார்த்ததுகூட இல்லை.

"அவங்க சேந்தாங்களா இல்லியான்னு தெரியாம எப்பிடிடி தாலி கட்டிக்கிறது?" என்றாள்.

கள்ளக்குறிச்சிக்கு சைக்கிளில் போன என் அண்ணன் படித்துவிட்டு வந்ததாகப் புளுகினேன்.

"சேந்துட்டாங்கடி. கடற்கரையில மோதிரம் போட்டுட்டான்."

அன்றுதான் அவள் சிரித்தாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவளுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன்.

"அப்பவே தெரியும்டி. மாமியார் வூட்டுல அந்த புக்கு கெடந்துச்சி, படிச்சிட்டேன். ரெண்டு பேரும் பிரிஞ்சி பூட்றாங்க. நீ சொன்னதுதான் நல்லா இருந்திச்சி."

இத்தனை வருஷமும் ஏமாற்றியது நான் என்றே நினைத்திருந்தேன். உங்களுக்கும் இப்படி ஒரு தோழி உண்டா?