ஸ்பாஞ்சைப் பிடுங்கி எறிந்த சுத்தியல் அண்ணன்

சுத்தியல் அண்ணன் கை நீட்டாமல் எதையும் சரிசெய்தவர் இல்லை. மின்விசிறி நின்றால் ஓர் அறை விடுவார், அது சுற்றும். டிவியில் படம் நடுங்கினால் அதன் மண்டையில் ஒரு குத்து, படம் நிற்கும். பெண் கொடுக்கத் தயங்கிக்கொண்டிருந்த மாமனாரின் கார் ஒருநாள் நடுத்தெருவில் படுத்துவிட்டது. இவர் விட்ட உதையில் அது கிளம்பியது, கல்யாணமும் கூடவே கிளம்பிவிட்டது. இத்தனை வெற்றி கண்ட மனிதர் எப்படித் திருந்துவார்? விரல்களில் பாதி கோணிப்போயும் நம்பிக்கை மட்டும் கோணவில்லை.

கல்லூரி மதிலை ஒட்டி அவருக்கு ஒரு பிரிண்ட் கடை. இடம் கல்லூரிக்குச் சொந்தம். எதிரே செல்போன் கடை வைத்திருந்த அவருடைய மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, அந்த இடத்தின்மேல் ஒரு கண் வைத்திருந்தான். விளிம்பு விடாமல் பிரிண்ட் கேட்ட ஒருவரின் மூக்கை அண்ணன் பெயர்த்த பிறகு, கல்லூரி முதல்வர் அம்மையார் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இன்னொரு புகார் வரட்டும், கடையை உங்க மைத்துனருக்குக் குடுத்துடறேன்."

அன்றிலிருந்து அண்ணன் அகிம்சாவாதி. அந்த நேரத்தில்தான் மைத்தொட்டி வைத்த பிரிண்டர் கடைக்கு வந்தது. "ஆயுசுக்கும் மையை ஊத்தி ஊத்தி ஓட்டலாம்ணே" என்றான் விற்றவன். யாருடைய ஆயுசு என்று அண்ணன் கேட்டுக்கொள்ளவில்லை.

அடிக்கக் கூடாது என்றானபின் அந்தக் கைக்கு வேறு வேலை வேண்டுமே. காலையில் ஷட்டரைத் தூக்கியதும், எழுத்து பளிச்சென்று வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, ஹெட் கிளீனிங் பொத்தானை மூன்று முறை அழுத்துவார். பிரிண்டர் களுக் களுக்கென்று மையைப் பீய்ச்சித் தன் மூக்கைத் தானே கழுவிக்கொள்ளும்.

"ஏங்க, சளியே இல்லாத மூக்கை எதுக்குச் சிந்திச் சிந்தி விடறீங்க?" என்பாள் ஸ்பைரல் போட்டுக்கொண்டிருக்கும் மனைவி.

"உனக்கு மெஷினைப் பத்தி என்னடி தெரியும்? சுத்தமா வச்சிருந்தா நம்ம பேரன் வரைக்கும் ஓடும்."

சிந்திய மையெல்லாம் எங்கே போகிறது என்று இருவருக்கும் தெரியாது.

கடைசி வருட மாணவர்கள் புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டியதற்கு முந்தின நாள் காலை, பிரிண்டரின் இரண்டு விளக்குகளும் மாறி மாறிச் சிமிட்டின. தொட்டி நிறைய மை, தட்டு நிறையத் தாள், வாசல் நிறையக் கூட்டம். பிரிண்டர் மட்டும் அசையவில்லை. அண்ணன் அகிம்சையைக் கைவிட்டார். தலையில் ஓர் அறை, விலாவில் ஒரு குத்து. சிமிட்டல் நிற்கவில்லை.

"என்ன மாமா, கண்ணடிக்குதா?" என்றான் எதிர்க்கடை மைத்துனன்.

பிரிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்கு ஓடினார். மெக்கானிக் எதையும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"அடியில ஒரு ஸ்பாஞ்ச் இருக்குண்ணே. கிளீனிங் பண்ற மையெல்லாம் அதுலதான் போய்ச் சேரும். அது நிரம்பிருச்சுன்னு மெஷின் சொல்லுது. புதுசு வாங்கிக்கோங்க."

"ஸ்பாஞ்சு நிரம்பினதுக்கு மெஷினையே மாத்தணுமா? உனக்கு ஜலதோஷம் பிடிச்சா தலையை மாத்துவியா?"

அங்கே கிடந்த ஸ்குரூ டிரைவரால் அண்ணனே அதன் வயிற்றைக் கிழித்தார். ஸ்பாஞ்ச் வெளியே வந்தது. பாதிதான் நனைந்திருந்தது, மறுபாதி காய்ந்த ரொட்டி மாதிரி வெள்ளையாக இருந்தது.

"இது நிரம்பிருக்கா? கண்ணைத் திறந்து பாருடா!"

"ஸ்பாஞ்சைப் பார்த்து மெஷின் சொல்லலைண்ணே. எத்தனை தடவை கழுவினோம்னு உள்ள ஒரு கணக்கு ஓடுது, அது முடிஞ்சா நிறுத்திக்கும்..."

"கணக்கை அழி."

"கம்பெனி ஒத்துக்காது..."

பேச்சு அங்கே முடிந்தது. அண்ணன் அவன் கழுத்தைப் பிடித்து மேசையோடு அழுத்தினார். மூக்கிலிருந்து ரத்தம் கீபோர்டில் சொட்டச் சொட்ட, அவன் ஏதோ ஒரு புரோகிராமைத் திறந்து கணக்கைப் பூஜ்யமாக்கினான். பிரிண்டர் உயிர் பெற்றது.

"அண்ணே, ஒண்ணு மட்டும் கேளுங்க, அந்த ஸ்பாஞ்சு..." என்று அவன் வாயைத் திறந்தான். அண்ணன் திறந்த வாயில் அந்த ஸ்பாஞ்சையே திணித்துவிட்டு, பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு நடந்தார். எச்சரிக்கை நீலமும் கறுப்புமாக அவன் தாடையில் வழிந்தது.

சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் எல்லாம் அச்சாகி, ஸ்பைரல் போட்டு, பிரிண்டருக்கு நேர் கீழ்த் தட்டில் அடுக்கியாயிற்று. அண்ணன் தெருவைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் காலை வழக்கம்போல் ஷட்டரைத் தூக்கினார். வழக்கம்போல் பொத்தானை அழுத்தினார். உயிர் பிழைத்து வந்த பிரிண்டர் என்பதால் அன்றைக்குக் கூடுதலாகவே அழுத்தினார். களுக் களுக். ஸ்பாஞ்ச் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. மை அந்த வழியே இறங்கிக் கீழ்த்தட்டை மெதுவாகப் படித்துப் பார்த்தது.

ஒரு வருட உழைப்பை எடுத்துப் புரட்டிய முதல் மாணவனுக்கு ஒரு வரிகூடத் தெரியவில்லை. "என்னண்ணே இது?" என்றான் மரியாதையாக. "பிரிண்டரைக் கேளு" என்றார் அண்ணன். ரிப்போர்ட் சொத்தென்று அவர் முகத்தில் வந்து விழுந்தது. அவர் திருப்பிக் கொடுத்தது கன்னத்தில். அதற்குப் பிறகு மரியாதை இல்லை.

ஸ்டேப்ளர் பறந்து ஒருவன் புருவத்தைக் கிழித்தது. பெஞ்சு அண்ணன் முதுகில் இரண்டாக உடைந்தது. பிரிண்டரை யாரோ தூக்கித் தரையில் அடித்தார்கள். அது நான்கு நிறத்திலும் ரத்தம் கக்கிச் செத்தது. எந்தக் கை யாருடையது, எது மை எது ரத்தம் என்று தெரியாத நிலை. விலக்க வந்தானோ வேடிக்கை பார்க்க வந்தானோ, மைத்துனனுக்கும் முன்பல் ஒன்று போயிற்று. போட்டது மாமன்தான்; அதில் மட்டும் அவர் குறி தவறவில்லை.

முதல்வர் அம்மையார் வந்தபோது நான்கு பேர் அண்ணன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அம்மையார் ஒரு நீல ரிப்போர்ட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"மேடம், இது புகார்ல சேராது, பிரிண்டர் பண்ணின வேலை..." என்றார் அண்ணன் தரையிலிருந்து.

அம்மையார் அவரைப் பார்க்கவே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்ற மைத்துனனிடம், "நாளையிலேருந்து நீங்க திறங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி குனிந்து கணவரின் சட்டைப்பையில் கை விட்டாள். வீங்கிய கையால் அவர் தடுக்கப் பார்த்தார், முடியவில்லை. ஷட்டர் சாவியை எடுத்துத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"கடையை நீ பார்த்துக்கோடா. இவரை நான் வீட்டுல வச்சுப் பார்த்துக்கறேன். உனக்கா எனக்கா, யாருக்கு அடி ஜாஸ்தின்னு மாசக் கடைசியில பேசிக்கலாம்."