கப்பலுக்கு இரண்டு மணி

என் மூக்கைப் பற்றி நானே பெருமை பேசக்கூடாதுதான். ஆனால் வேறு யாரும் பேசப் போவதில்லை. துறைமுகமும் விமான நிலையமும் ஒட்டியிருக்கும் இந்த ஊரில், இரண்டின் சாக்கடைக்கும் மேலாளர் நான். இருபத்தெட்டு வருஷம். தரையிலிருக்கும் மூடியை நெம்பித் திறந்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் போதும், வந்திருப்பது கப்பலா விமானமா கேன்டீனா என்று சொல்லிவிடுவேன். கப்பல் கழிவில் உப்பு வாடை தூக்கும். விமானத்துக் கழிவில் நீல மருந்து நெடி. இந்த வித்தையை நாலு பேர் கூடுகிற இடத்தில் எப்படிக் காட்டுவது?

அதனால் யார் கேட்டாலும் ‘ஏர்போர்ட்டில் ஆபீசர்’ என்பேன். பொய்யில்லை. பாதியில் நிறுத்திக்கொள்வேன், அவ்வளவுதான். மகளின் பள்ளிக்கூடப் படிவங்களிலும் அப்படியே எழுதினேன். அவள் தன்னோடு வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது, பையனின் அப்பாவிடம் போனில் ‘நீர் மேலாண்மை’ என்று இன்னும் ஒரு படி ஏறினேன். அவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். குரலிலேயே பிரம்பு தெரிந்தது. ‘ம்’ என்று மட்டும் சொன்னார். உண்மை தெரிந்தால் இந்த மனிதர் சம்மதிப்பாரா? என் சாக்கடையால் மகளின் கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர்கள் எங்கள் வீட்டுக்கு வர நாள் குறித்தார்கள். காலை பதினோரு மணி விமானம், மதியம் சாப்பாடு. அங்கேதான் எனக்குச் சிக்கல். துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் சேர்த்து வெளியே போகிற குழாய் ஒன்றே ஒன்று. கப்பல் தன் கழிவுத் தொட்டியைக் காலி செய்யும்போது விமான நிலையத்தில் கூட்டம் இருக்கக்கூடாது. இருந்தால் குழாய் தாங்காது, கழிவு திரும்பி விமான நிலையக் கழிவறைகளுக்குள் ஏறிவிடும். எனவே கப்பலுக்கு மதியம் இரண்டு மணி. அந்த நேரத்தில் விமானம் எதுவும் இறங்காது. இந்த முறையை வகுத்தது நான். மீறியவர்களுக்கு மெமோ கொடுத்ததும் நான். முடிகிறவரை பம்ப் அறையில் கூடவே நிற்பதும் நான்.

இரண்டு மணிக்கு பம்ப் அறையில் நின்றால் சம்பந்தி யாரோடு சாப்பிடுவார்? கப்பலைக் காலை பத்து மணிக்கு மாற்றினேன். பம்ப் ஆபரேட்டர் இரண்டு தரம் தலையைச் சொறிந்தார். சொன்னதைச் செய்யுங்கள் என்று கடுகடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் முடியும் என்பது என் கணக்கு. கப்பலோ வயிறு முட்ட வந்திருந்தது. முடிவதற்குள் நான் கிளம்பி, இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்து, புதுச் சட்டை மாட்டி, சென்ட் அடித்துக்கொண்டு, வருகிறவர்களை வரவேற்க விமான நிலைய வாசலில் மகளோடு பல்லைக் காட்டி நின்றேன். பத்து மணியிலிருந்து நாலு விமானம் இறங்கியிருந்தது. அது என் மரமண்டையில் ஏறவே இல்லை.

வந்தார்கள். வணக்கம் சொல்லிக்கொண்டோம். தலைமை ஆசிரியர் ஒரு நிமிஷம் என்று கழிவறைக்குள் போனார். திரும்பி வந்தபோது பேண்ட்டைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். ஷூ சொதசொதவென்றது.

“உள்ள முழங்கால் வரைக்கும் வந்துடும் போல இருக்கு. நீங்க இங்க ஆபீசர்தானே? இதுக்குப் பொறுப்பான ஆளைக் கூப்பிடுங்க.”

பழியைப் பம்ப் ஆபரேட்டர் தலையில் போட்டுவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். வெட்கக்கேடுதான், ஆனால் நினைத்தேன். அதற்குள் கால்கள் தாமாகவே உள்ளே போய்விட்டன. புதுச் சட்டையோடு தண்ணீரில் மண்டியிட்டு, மூடியை நெம்பி, ஒரு இழுப்பு இழுத்தேன். உப்பு. போனை எடுத்து, கப்பலை நிறுத்தச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் களக் களக்கென்று உள்வாங்கியது. நிமிர்ந்தால் கழிவறை வாசலில் அவரும் என் மகளும்.

“பொறுப்பான ஆள் நான்தான் சார்,” என்றேன். “சாக்கடைதான் என் வேலை. இன்னைக்கு நேரத்தை மாத்தி இதைக் கெடுத்ததும் நான்தான்.” மகளின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

தலைமை ஆசிரியர் அவள் பக்கம் திரும்பினார். “நெஜமாவே மோந்து பாத்துதான் கண்டுபிடிக்கிறாரா?”

“அதான் மொதல் நாளே சொன்னேனே, மாமா. நீங்கதான் நம்பல.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்புறம் எதுக்குங்க போன்ல நீர் மேலாண்மைன்னு இழுத்தீங்க?”

அவருடைய ஷூவைக் கழற்றி வாங்கி, குழாயில் அலசப் போனேன். சாப்பாட்டுக்கு அவர் என் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார்.

மறுநாள் ஆபீஸில் எனக்கே ஒரு மெமோ எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அனுமதியில்லாமல் கப்பல் நேரத்தை மாற்றியது முதல் குற்றம். இத்தனை வருஷமாக, மகளை ஒரு வார்த்தை கேட்காமல் அவளுக்கும் சேர்த்து வெட்கப்பட்டது இரண்டாவது.