ஒருவர் மட்டும் தங்கலாம்

அந்த மின்னஞ்சல் வந்தபோது நான் வெள்ளிமலை பஸ்ஸில் இருந்தேன். கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலை ஏறத் தொடங்கினால் சிக்னல் போய்விடும். அதற்குள் படித்துவிட வேண்டும் என்று அவசரமாகத் திறந்தேன். ஜெர்மனியில் நான் வேலைக்குச் சேர இருந்த மருத்துவமனையிலிருந்து எழுதியிருந்தார்கள். வேலை உறுதி. எங்கே தங்கப் போகிறேன் என்பதை மட்டும் அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டும்.

இரண்டு இடங்கள் கொடுத்திருந்தார்கள். ஒன்று மருத்துவமனை வளாகத்திலேயே இருந்த ஊழியர் விடுதியில் ஓர் அறை. சமையலறை பொது. அடியில் சின்ன எழுத்தில், ஒருவர் மட்டும் தங்கலாம் என்று இருந்தது. மற்றது, ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி ஒரு சிற்றூரில் இரண்டு அறை உள்ள வீடு. குடும்பத்தோடு இருக்கலாம். ஆனால் இரண்டு வருடத்துக்குக் காலி செய்யக் கூடாது.

வண்டி அடிவாரத்து அணையைக் கடக்கும்போதே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. இரண்டு அறை வீடுதான்.

அதற்குக் காரணம் இருந்தது. வெள்ளிமலை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் ஒப்பந்த நர்ஸாகச் சேர்ந்தபோது என் மகளுக்கு ஒன்றரை வயது. மேலே குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு போகத் தயாராக இருந்தேன். கள்ளக்குறிச்சியில் என் கணவரும் அவருடைய அப்பா அம்மாவும், "மலையில குளுரு ஜாஸ்தி. ஆறு மாசம் போவட்டும், அப்புறம் கூட்டிக்கினு போ" என்றார்கள். நானும் சரி என்றேன். அந்த ஆறு மாதம் மூன்றரை வருடமானது. சனிக்கிழமை சாயங்காலம் இறங்கி வருவேன், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறுவேன். பேச்சு வந்ததும் என் மகள் என் மாமியாரை அம்மா என்று கூப்பிட்டாள். என்னை மலையம்மா என்றாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அந்தச் சனிக்கிழமை என் கணவர் மறுநாள் சர்ச்சுக்குப் போட சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கள்ளக்குறிச்சி கோர்ட்டில் அலுவலக உதவியாளர் வேலை அவருக்கு. சட்டை மடிப்பில் ரொம்பக் கவனமானவர்.

"ஏங்க, அந்த ரெண்டு ரூம் வூட்டையே சொல்லிடலாங்க" என்றேன்.

"ஹாஸ்டல்னா நடந்தே டூட்டிக்குப் போலாம்னு போட்டுகீறான். நீ இன்னாத்துக்கு டெய்லி ரயில்ல போய்க்கினு வந்துக்கினு இருக்கணும்?"

"பாப்பாவக் கூட்டிக்கினு போவணும் இல்லீங்களா?"

அவர் சட்டையைத் திருப்பிப் போட்டார். "மொதல்ல நீ போ. ஆறு மாசம் பாரு. அப்புறம் யோசிக்கலாம்."

அதே ஆறு மாதம். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனாலும் சத்தம் போடவில்லை. பக்கத்து அறையில் மாமியார் என் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சர்ச்சில் என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். வெளிநாடு போகிற சகோதரிக்காக எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்தார்கள். தேவன் திறந்த வாசலை யாரும் பூட்ட முடியாது என்று போதகர் உருக்கமாகச் சொன்னார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்து, "நீ குடுத்து வச்சவ" என்றார்கள். அத்தனை பேருக்கும் தலையாட்டினேன்.

புதன்கிழமை மத்தியானம் சுகாதார நிலையத்துக்குப் பின்னால் தண்ணீர் டேங்க் பக்கம் போய் நின்றேன். அங்கே மட்டும் எப்போதாவது சிக்னல் கிடைக்கும். பதில் அனுப்பும் பக்கம் பாதி வரை திறந்து நின்றுவிட்டது. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரவள்ளிக் காட்டின் ஓரம் வரை நடந்துபார்த்தேன். உள்ளிருந்து ஆள் வந்து கூப்பிட, திரும்பிவிட்டேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ரத்த அழுத்தம் ஏறிப்போய்க் கால் முகமெல்லாம் வீங்கியிருந்தது. டாக்டர் உடனே கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். மலை வளைவுகளில் அவள் என் கையை விடவே இல்லை. கீழே இறங்கி அணை தெரிந்ததும் என் பையில் போன் அடுத்தடுத்துச் சத்தம் போட்டது. ஒரு கையால் எடுத்துப் பார்த்தேன். "தங்கள் தேர்வுக்கு நன்றி. விடுதியில் தங்களுக்கு அறை ஒதுக்கப்பட்டுள்ளது" என்று ஜெர்மன் மொழியில் இருந்தது.

நான் எதையும் தேர்வு செய்யவில்லை. அந்த மின்னஞ்சல் கணக்கை எனக்காக ஆரம்பித்துக் கொடுத்தது என் கணவர். பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும்.

மறுபடி மறுபடி அதே இரண்டு வரியைப் படித்தேன். கதவு சாத்திய வண்டி. பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். இறங்கவும் முடியாது, நோயாளியை வைத்துக்கொண்டு யாரையும் கூப்பிட்டுக் கேட்கவும் முடியாது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "இன்னா நர்ஸம்மா, எனுக்கு எதுனா ஆயிடுமா?" என்று கேட்டாள். "உனுக்கு ஒண்ணும் ஆவாது. நல்லா மூச்சு வுடு" என்றேன். போனைப் பைக்குள் போட்டேன்.

அவளைப் பிரசவ வார்டில் ஒப்படைத்தேன். அன்று மாலையே அவளுக்கு ஆண் குழந்தை பிறந்து இருவரும் நன்றாக இருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. நான் அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து நேராகக் கோர்ட்டுக்குப் போனேன். யூனிஃபார்மோடு நின்ற என்னைப் பார்த்ததும் அவர் எதிரே இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போனார். வழியில் இரண்டு பேர் அவருக்கு வணக்கம் வைத்தார்கள்.

"நீங்களா அனுப்புனீங்க?"

"ஆமா."

"என்னக் கேக்காமயா?"

டீ வந்தது. இரண்டு பேருமே தொடவில்லை. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இங்க என்னய நாலு பேரு அண்ணேன்னு கூப்புடுறாங்க. அங்க வந்து நான் யாரு? பாஷை தெரியாது. நீ டூட்டிக்குப் போய்டுவ. அந்த ரெண்டு ரூமுக்குள்ள நான் இன்னா பண்ணிக்கினு உக்காந்திருப்பேன்? ரெண்டு வருசம் வெளிய வரக் கூடாதுன்னு வேற போட்டுகீறான்."

அவரைத் திட்டத்தான் வந்திருந்தேன். நான் எனக்கும் மகளுக்கும் வீடு பார்த்தபோது, அவரைப் பூட்டி வைக்க ஓர் இடம் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. இது தெரிந்த பிறகும் என் கோபம் குறையவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

அங்கேயே உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஜெர்மனில், என் முடிவை மாற்ற விரும்புகிறேன் என்று எழுதினேன். மறுநாள் மரியாதையாகப் பதில் வந்தது. அந்த வீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். விடுதி ஒப்பந்தம் ஒரு வருடம். போவதா வேண்டாமா என்பது மட்டும்தான் என் கையில் இருந்தது. வெள்ளிமலை வேலையிலிருந்து விலகுவதாக ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தேன். போனேன்.

விடுதி அறை சுத்தமாக இருந்தது. கட்டில், மேஜை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் நான் வேலை செய்யும் வார்டு. வேலை முடித்து வந்து உட்கார்ந்தாலும் அதையேதான் பார்க்க வேண்டும். பக்கத்து அறைகளில் இருந்தவர்களும் என்னைப் போலப் பல தேசங்களிலிருந்து வந்த நர்ஸுகள். பொதுச் சமையலறையில் ஒருவர் குழம்பு வாசனை இன்னொருவருக்குப் பிடிக்காமல் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டோம். மகள் வீடியோவில் வந்து கையாட்டிவிட்டு ஓடிவிடுவாள். மாமியார் போனை வைத்துக்கொண்டு, "நிக்க மாட்டேங்குறா பாரு" என்பார். பிறகு நாங்கள் இருவரும் பேச ஒன்றுமில்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

நான்காவது மாதத்திலிருந்து வீடு தேட ஆரம்பித்தேன். இருபதுக்கு மேல் பார்த்திருப்பேன். தனியாக வரும் வெளிநாட்டுக்காரிக்கு, அதுவும் குழந்தை வரப் போகிறது என்றால், யாரும் உடனே தருவதில்லை. வருட முடிவில் ஒரு முதிய தம்பதி தங்கள் வீட்டு மாடியைக் கொடுத்தார்கள். இரண்டு அறை. மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இந்த முறை கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஊருக்குச் சொன்னேன்.

விடுப்பில் ஊருக்கு வந்தபோது என் கணவரிடம் ஒரே ஒரு காகிதம் கேட்டேன். மகளைத் தாயோடு அனுப்பத் தகப்பனுக்குச் சம்மதம் என்று. வருகிறீர்களா என்று கேட்கவில்லை. நான்கு நாள் அவர் பிடிகொடுக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் என் மாமியாரே பேச்சை எடுத்தார். "எனுக்கு முட்டி வலி தாங்கல. அவ பின்னால இன்னும் எத்தினி நாளு ஓடுறது? அவன் வாயத் தொறந்து சொல்ல மாட்டான், நான் சொல்றேன், கூட்டிக்கினு போ" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று மத்தியானம் நோட்டரி வக்கீல் முன்னால் என் கணவர் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து, "அவளுக்கு ஜுரம் வந்தா போன் பண்ணு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

விசா வர ஐந்து மாதமானது. மகள் வந்து இப்போது ஒரு பள்ளி வருடம் முடியப் போகிறது. காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. பள்ளி திறப்பது எட்டு மணிக்கு. எனக்குக் காலை ஷிப்ட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் விட்டார்கள், பிறகு முடியாது என்றார்கள். அந்த நாட்களில் கீழ் வீட்டுப் பாட்டியிடம் தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஓடுகிறேன். அவர் முகம் சுளிப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் நான் மன்னிப்புக் கேட்கிறேன். வீட்டை மாற்றலாம் என்றால் ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் வீடியோவில் வருகிறார். மகள் இப்போது போனை வைத்துக்கொண்டு நின்று பேசுகிறாள். "நீ எப்பப்பா வருவே?" என்று கேட்டால் அவர் என்னைப் பார்க்கிறார். நான் துணி மடித்துக்கொண்டிருப்பேன். போன வாரம் முதல்முறையாக, "அங்க கோடை எந்த மாசம்?" என்று கேட்டார். சொன்னேன். வருகிறீர்களா என்று நானும் கேட்கவில்லை, வருகிறேன் என்று அவரும் சொல்லவில்லை.