பன்னிரண்டு மில்லிமீட்டர்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் நானும் அப்பாவும் கம்ப்யூட்டர் பெட்டியைத் தரையில் படுக்கவைத்து அளந்தோம். டேப்பின் நுனியை அவர் பின்பக்கத் தகட்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் மறுமுனையை முன்பக்கம் இழுத்தேன். அங்கே ஹார்ட் டிஸ்க் வைக்கும் இரும்புக் கூண்டு வழிமறித்தது. அதுவரை முந்நூற்றுப் பதினொரு மில்லிமீட்டர். முந்தைய நாள் எர்ணாகுளத்தில் வாங்கிவந்த கிராபிக்ஸ் கார்டின் நீளம் முந்நூற்று இருபத்து மூன்று.

"எத்தன குறையுது?" என்றார் அப்பா.

"பன்னெண்டு மில்லி."

தன் கட்டைவிரலைப் பார்த்தார். "ஒரு நகம்."

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒரு நகத்துக்கு ரெண்டு பேரு ஒரு மணி நேரமா குப்புறக் கெடக்கீங்க."

நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். செவ்வாய்க்கிழமை காலை அப்பா இறந்துபோனார்.

அவர் பெயர் பாண்டித்துரை. கொச்சி கார்ப்பரேஷனில் இருபத்தேழு வருடம் குடிநீர் டேங்கர் லாரி ஓட்டினார். அவருடைய அப்பா முனியாண்டி, கமுதிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குச் சாக்கடை அள்ள வந்தவர். தாத்தா நடந்து வேலை பார்த்த அதே சந்துகளில் அப்பா லாரி ஓட்டினார். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் மட்டாஞ்சேரி, பள்ளுருத்தி, போர்ட் கொச்சி என்று ஒரு நாளைக்கு எட்டு நடை.

பெரும்பாலான சந்துகளில் லாரியைத் திருப்ப இடம் கிடையாது. பின்பக்கமாகவே உள்ளே போக வேண்டும். அப்பாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. சந்து முனையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கிக் கடைசிவரை நடந்து பார்த்துவிட்டு வருவார். பிறகு இரண்டு கண்ணாடிகளையும் பார்த்து ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுப்பார். கிளீனர் பின்னால் நின்று கை காட்டுவது அவருக்குப் பிடிக்காது.

குடத்தோடு நிற்கும் பெண்களுக்கு எரிச்சல் வரும். பள்ளுருத்தியில் ஷைலஜா சேச்சி கத்தியது எனக்கே நினைவிருக்கிறது. பள்ளிக்கூட விடுமுறையில் நான் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"பாண்டி அண்ணா, நேத்து வந்த அதே சந்துதானே? ஒரே நாள்ல சின்னதாயிடுச்சா?"

"சந்து அதேதான். உன் வீட்டுக்காரன் ஸ்கூட்டர எங்க விட்டிருக்கான்னு பாக்க வேண்டாமா?"

இருபத்தேழு வருடத்தில் ஒரு சுவரைக்கூட அவர் உரசியதில்லை. இதை அவரே சொன்னதில்லை. பிணத்துக்கு மாலை போட வந்த டிரைவர்கள் சொன்னார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், தண்ணீர் நிரப்பும் இடத்தில் வலிப்பு வந்து விழுந்தார். வண்டி நின்றுகொண்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இனி எந்த வண்டியும் ஓட்டக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஓய்வு பெறுவதற்குப் பதினான்கு மாதம் பாக்கி இருந்தது. அந்தப் பதினான்கு மாதமும் ஷெட்டில் உட்கார்ந்து மற்ற டிரைவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுத்தார். அவருடைய டேங்கரின் சாவியையும் தினமும் அவர்தான் இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த ஸ்கூட்டரையும் விற்றுவிட்டார்.

அதன்பிறகு பஸ்ஸில் போகும்போது அவர் டிரைவருக்குப் பின்சீட்டில்தான் உட்காருவார். பிரேக் பிடிக்க வேண்டிய இடம் வந்தால் அவருடைய வலது கால் தரையை அழுத்தும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எனக்குக் காக்கநாட்டில் வேலை. சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலை. போன வருடம் ஒரு பழைய கம்ப்யூட்டரை ஒழுங்குபடுத்தி, லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை அதில் போட்டேன். ஸ்டீயரிங்கும் மூன்று பெடலும் சேர்த்து வாங்கினேன். ஆபீசில் கழித்துப் போட்ட இரண்டு திரைகளை இருபுறமும் நிறுத்தினேன். இடக்கண்ணாடி இடத்திரையில், வலக்கண்ணாடி வலத்திரையில் வரும்.

"பொம்ம வண்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு வாரம் தொடவில்லை. அடுத்த வாரம் அம்மா போன் செய்தாள். "உங்கப்பா குளிச்சு, சட்ட மாத்தி, உன் டிவிக்கு முன்னால உக்காந்திருக்காரு. கூப்பிட்டா 'ஓட்டிட்டிருக்கேன்'ங்கறாரு."

அது பழக்கமாகிவிட்டது. காலை பத்து மணிக்கு உட்காருவார். பன்னிரண்டு மணிக்கு அம்மா சாயாவோடு வந்து நிற்பாள். "ஜெர்மனிக்குப் போயாச்சா, இல்ல இன்னும் வழியிலதானா? ஆறுது."

"சிக்னல், மாயம்மா. பேசாத," என்று அம்மாவைப் பெயர் சொல்லி அடக்குவார்.

ஒரு விஷயத்தை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். சரக்கைக் கொண்டு போய்ச் சேர்த்ததும், லாரியைக் கிட்டங்கியின், அதாவது சரக்குக் கிடங்கின், வாசலுக்குள் ரிவர்ஸ் எடுத்து நிறுத்த வேண்டும். முடியாதவர்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் விளையாட்டே லாரியை உள்ளே நிறுத்திவிடும். அப்பா ஒவ்வொரு முறையும் அந்தப் பொத்தானை அழுத்தினார்.

"ஏன்பா, நீங்களே எடுக்கலாமே?"

"எப்படி எடுக்கறது? கண்ணாடியில ஒண்ணுமே இல்ல. எல்லாம் மாவு கரச்ச மாதிரி இருக்கு. பின்னால நிக்கறவன் முட்டுனப்புறந்தான் தெரியறான்." பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னார். "ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவன டிரைவர்னு எவன் சொல்லுவான்?"

தவறு என்னுடையது. அந்த விளையாட்டில் ஒவ்வொரு கண்ணாடியும் ஒரு தனிப் படம். படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்டு அதற்காகச் சாலையை இன்னொரு முறை முழுதாக வரைய வேண்டும். மூன்று திரைகளையும் அத்தனை கண்ணாடிகளையும் பழைய கார்டு தாங்காது. படம் தடுமாறாமல் ஓடுவதற்காகக் கண்ணாடிகளின் தரத்தை நான்தான் அடிமட்டத்துக்குக் குறைத்துவைத்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை. கண்ணாடி முக்கியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

புதுக் கார்டு வாங்கித் தருகிறேன் என்றேன். அப்பா என்னிடம் எதையும் கேட்டு வாங்குகிறவர் அல்ல. இதை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஐந்து கார்டுகளை எடுத்து ஒரு அட்டவணை போட்டேன். நினைவகம், மின்சாரம், சூடு, சத்தம், நீளம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பத்தி. பெட்டிக்குள் எவ்வளவு நீளம் கொள்ளும் என்பதற்கும் ஒரு கட்டம் இருந்தது. அதில் முந்நூற்று நாற்பது என்று எழுதினேன். பெட்டி செய்த கம்பெனியின் பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

அட்டவணையைத் திருத்திக்கொண்டே நான்கு மாதம் போனது.

"நம்ம கார்டு என்னாச்சு மோளே?" மகளே என்பது அப்பாவின் வாயில் மலையாளத்தில்தான் வரும்.

"ரெண்டு மாசத்துல புதுசு வருதுப்பா. அப்ப இது வெல எறங்கும்."

"சரி."

கடைசியில் அந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறி எர்ணாகுளம் போனோம். கடையில் பினு என்ற இளைஞர் எங்களிடம் வந்தார். அவர் மலையாளம் பேசினார். அப்பா தன் வழக்கம்போலப் பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசினார்.

"மோன் ஏது கேமாணு சேட்டா களிக்குந்நது?" மகன் எந்த விளையாட்டு ஆடுகிறான் என்று கேட்டார் பினு.

"மோன் இல்ல. இவ ஒரே மோளு, இவ விளையாட மாட்டா. எனக்குத்தான்."

"அடிபொளி!" பினு உடனே ஒரு கார்டை எடுத்துக் காட்டினார். "இது நோக்கு சேட்டா, லைட்டு மாறிக்கிட்டே இருக்கும். எல்லாக் கலரும் உண்டு."

"லாரிக்குள்ள எதுக்குடா டிஸ்கோ? கண்ணாடி தெளியுமா, அதச் சொல்லு."

பினுவுக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். கடையில் மூன்று திரை வைத்த ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதே விளையாட்டை அதில் போட்டார்கள். முதலில் என் அட்டவணையில் முதலிடம் பிடித்த நடுத்தரக் கார்டு. கண்ணாடி தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அப்பா ஸ்டீயரிங்கை ஒடித்தபோது படம் ஒரு கணம் நின்று ஓடியது. எனக்கே தெரியாத அளவு.

"திரும்பறப்போ கண்ண மூடுது," என்றார். "அப்பத்தான கண்ணு வேணும்."

அடுத்து பெரிய கார்டைப் பொருத்தினார்கள். மூன்று விசிறி, ஒரு செங்கல் கனம். இந்த விளையாட்டுக்கு அது அதிகம் என்று எழுதி அதை நான் கடைசியில் தள்ளியிருந்தேன். அப்பா கிட்டங்கி வரைக்கும் ஓட்டினார். வாசல் வந்ததும் வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டார். பினுவைப் பார்த்தார்.

"எறங்கிப் பாக்க வழி உண்டா?"

வெளியிலிருந்து பார்க்க ஒரு பொத்தான் இருக்கிறது. பினு அதை அழுத்தினார். அப்பா லாரியைச் சுற்றி நிதானமாகப் பார்த்தார். இடப்பக்கத் தூணைப் பார்த்தார். மறுபடி உள்ளே வந்தார். வலக்கண்ணாடி, இடக்கண்ணாடி, வலக்கண்ணாடி. ஒரே மூச்சு. நாற்பது அடி டிரெய்லர் இரண்டு தூணுக்கும் நடுவில் போய் நின்றது. பினு கை தட்டினார். பில் போட நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "இது போதும்," என்றார். பிறகு கேட்டார். "நம்ம பெட்டிக்குள்ள போகுமா?"

"போகும். முந்நூத்தி நாப்பது எடம் இருக்கு."

"அளந்தியா?"

"கம்பெனிக்காரனே போட்டிருக்கான்பா."

என்னை ஒரு முறை பார்த்தார். ஒரு கிளீனர் இப்படிச் சொல்லியிருந்தால் இறக்கிவிட்டிருப்பார். நான் படித்தவள் என்பதால் விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பொருத்தும்போது கார்டு கூண்டில் இடித்தது. அதே பெயரில் இரண்டு பெட்டிகள் வந்திருக்கின்றன. புதியதில் கூண்டைக் கழற்றலாம். எங்களுடையது பழையது. கூண்டு ரிவெட் அடித்தது.

அப்பா சிரித்தார். "எறங்கிப் பாக்காம சந்துக்குள்ள விட்டுட்ட."

ஞாயிற்றுக்கிழமை அளந்து முடித்த பிறகு, புதுப் பெட்டி வரவழைக்கலாம், ஐந்து நாளில் வரும் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரு நகத்துக்காகப் பெட்டியவே மாத்துவியா? அஜீஷுகிட்ட கொண்டு போனா கூண்ட வெட்டப் பத்து நிமிஷம்." அஜீஷ் பள்ளுருத்தியில் தகர வேலை செய்கிறவர். அப்பாவின் டேங்கருக்கு அவர்தான் ஒட்டுப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது. திங்கட்கிழமை தானே ஆட்டோவில் கொண்டு போவதாக அப்பா சொன்னார்.

அப்புறம் இதையும் கேட்டார். "அதுவரைக்கும் இத வெளிய வச்சு ஓட்டிப் பாக்க முடியாதா? ஒரே ஒரு ரிவர்ஸ்."

முடியும். போர்டைப் பெட்டியிலிருந்து கழற்றி, அட்டையின் மேல் வைத்து, கார்டைச் செருகினால் ஓடும். வேலையில் தினமும் நான் செய்வது அதுதான். அரை மணி நேரம் ஆகும்.

"வேண்டாம்பா. உப்புக் காத்து. ஒழுங்கா மாட்டிட்டே ஓட்டலாம். ஒரு நாள்தானே?"

"சரி," என்றார்.

திங்கட்கிழமை கடல் பொங்கிக் காயல் நீர் ஏறி, எங்கள் தெருவில் கணுக்கால் அளவு உப்புத் தண்ணீர் நின்றது. ஆட்டோ வரவில்லை. நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போய் பஸ் ஏறினேன். மாலை திரும்பியபோது பெட்டி அரிசிச் சாக்கில் கட்டப்பட்டு, கதவோரம் இரண்டு கல்லின் மேல் இருந்தது. அப்பா டேங்கர் ஹோஸைக் கட்டுகிற முடிச்சு. தண்ணீர் வடிந்துவிடும், நாளை காலை கிளம்பிவிடுவேன் என்றார்.

செவ்வாய்க்கிழமை ஏழே முக்காலுக்கு நான் பஸ்ஸில் இருந்தேன். அம்மா போன் செய்தாள். சட்டை போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாராம். நான் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அஜீஷ் கூப்பிட்டார்.

"கற்பகம், அண்ணன் அன்னிக்கு ஒரு பெட்டி கொண்டு வரேன்னு விளிச்சுப் பறஞ்சது. நான் வேணும்னா வந்து எடுத்துக்கறேன். பத்து நிமிஷ வேலதான்."

"அப்புறம் சொல்றேன், அஜீஷ் சேட்டா."

போனை வைத்துவிட்டு சாக்கின் அருகே போனேன். கயிற்றுக்கு அடியில் காலண்டர் தாள் ஒன்று மடித்துச் செருகியிருந்தது. அன்றுதான் கவனித்தேன். அப்பாவுக்குத் தமிழ் எழுத வராது. மலையாளத்தில், பேனாவை அழுத்தி எழுதியிருந்தார். அஜீஷ், கூண்டில் கோடு போட்டிருக்கிறேன். கோடு வரை வெட்டு. பன்னிரண்டு போதும், பதினைந்து எடு. முனையைத் தேய்த்துவிடு, மோளு கை வைக்கிற இடம்.

தாளை மடித்து அதே இடத்தில் செருகிவிட்டேன். கார்டு அதன் அட்டைப் பெட்டியில் அலமாரி மேல் இருக்கிறது. சாக்கு கதவோரம் கல்லின் மேல் இருக்கிறது. முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. அஜீஷின் பட்டறை காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை கிடையாது.