பதூல் கேட்காமல் விட்ட பக்கம்

பதூலின் கடையில் பணத்தை நீட்டினால் மட்டும் இசைத்தட்டு கிடைத்துவிடாது. மூங்கில் நாற்காலியில் உட்கார வேண்டும். அவள் தட்டை ஓடவிடுவாள், முதல் பக்கம் முடிந்ததும் திருப்பிப் போடுவாள். இரண்டு பக்கத்தையும் முழுசாகக் கேட்டுவிட்டு, "கேட்டேன்" என்று வாயால் சொன்னால்தான் உறையில் போட்டுக் கொடுப்பாள். அவசரக்காரர்களுக்கு எதிரே செல்போன் கடை இருக்கிறது, தாராளமாகப் போகலாம். நான் முப்பது வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு வலி வாங்கியவன்.

என் பெயர் பூஷைப். ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். காசாபிளாங்காவில் இறங்கி என் பெயரைச் சொன்னால், "அந்தச் சிடுமூஞ்சியா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். வீட்டில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் தட்டுகள் வைத்திருக்கிறேன். போனிலேயே எல்லாப் பாட்டும் இருக்கிறதே என்று என் மருமகன் போகும்போதும் வரும்போதும் சொல்வான். கடலில்கூடத்தான் எல்லா மீனும் இருக்கிறது, அதற்காக யாராவது சந்தைக்குப் போகாமல் இருக்கிறார்களா? ஒரு பழைய தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கல்யாணப் பாட்டில் மூன்றாவது அடி மட்டும் தேய்ந்து வெளுத்திருக்கும். யாரோ ஒருத்தி அந்த ஓர் அடிக்காகவே முள்ளைத் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறாள். அவள் யார், அந்த அடியில் அவளுக்கு என்ன என்று யோசித்துக்கொண்டே ஒரு மத்தியானத்தை ஓட்டிவிடலாம். இதைப் போய் மருமகனிடம் சொல்ல முடியுமா?

கடை ஈயோட்டுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். சனிக்கிழமையானால் கல்லூரிப் பெண்கள் குவிந்துவிடுவார்கள். பாரிசிலிருந்து துணிப்பை மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் வேறு. எல்லோருக்கும் அதே நாற்காலி, அதே சட்டம்தான். அவள் விற்காத தட்டு ஒன்றே ஒன்றுதான். கடையின் பின்பக்கம் பச்சை அலமாரியில் பூட்டி வைத்திருந்தாள். ஒரே தட்டு, நாற்பத்தோரு பிரதிகள்.

அது என்ன தட்டு என்று எனக்குச் சொல்ல அவளுக்குப் பல வருடம் பிடித்தது. கடை திறப்பதற்கு முன்னால் பதூல் இசைத்தட்டு அச்சடிக்கும் ஆலையில் வேலை பார்த்தாள். இயந்திரத்திலிருந்து முதலில் வரும் தட்டைக் கண்ணாடி அறைக்குக் கொண்டுவருவார்கள். அவள் இரண்டு பக்கமும் கேட்டு, லேபிளில் இருக்கும் பெயரும் பாட்டும் சரியா என்று பார்த்து, சீட்டில் "கேட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மிச்சத் தட்டுகள் அச்சாகும்.

எழுபத்தேழாம் வருடம், ஆகஸ்ட் மாதத்து ரம்ஜான். நோன்பு திறக்க அரை மணிதான் இருந்தது. காலையிலிருந்து காபி இல்லை, தலை பிளக்கிறது. அந்த நேரத்தில் எங்கள் ஊரில் யாரிடமும் வழிகூடக் கேட்கக் கூடாது, அடிதான் விழும். பதூலின் முன்னால் ஒரு தட்டு வந்தது. முதல் பக்கம், முழங்காலில் வயலினை நிறுத்தி வாசிக்கும் மிலூத் பாடியது. அதைக் கேட்டாள். திருப்பிப் போடவில்லை. வீட்டில் சூப் கொதிக்கும் ஞாபகத்தில் சீட்டில் "கேட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

இரண்டாம் பக்கம் பாடியது மஹ்ஜூபா என்ற புதுப் பெண். இயந்திரக்காரன் இரண்டு பக்கத்துக்கும் மிலூத்தின் லேபிளையே வைத்துவிட்டிருந்தான். நாலாயிரம் தட்டுகள் கடைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. "பாட்டு ஓடுதில்ல? பொண்ணு பேரு யாருக்கு வேணும்?" என்று முதலாளி கையை உதறிவிட்டார். ஓடியதுதான், நாடு முழுக்கக் கல்யாணங்களில் அந்த இரண்டாம் பக்கம்தான் ஓடியது. மிலூத்தின் குழுவில் யாரோ ஒருத்தி என்று சனங்கள் நினைத்துக்கொண்டார்கள். மஹ்ஜூபா அதற்குப் பிறகு எதிலும் பாடவில்லை. மிலூத்தின் குழுவில் விசாரித்தால் யாரும் வாய் திறக்கவில்லை. அவளைத் தேடுவதற்குச் சீட்டில் அந்த ஒற்றைப் பெயரைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து கண்ணில் படுகிற பிரதியையெல்லாம் பதூல் வாங்கிச் சேர்த்தாள். "லேபிள்ல நீயே அவ பேரை எழுதி வித்துட வேண்டியதுதானே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எழுதினா அது ரெண்டாவது தப்பு அண்ணே. அவளைப் பாக்கணும். நான்தான்னு சொல்லணும். உன் குரல் இதுல இருக்கு, இந்தான்னு கையில குடுக்கணும். அது வரைக்கும் எனக்குச் சோறு இறங்குது, ஆனா சரியா இறங்கல."

இந்த இடத்தில் என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தட்டின் நாற்பத்திரண்டாவது பிரதி என்னிடம் இருந்தது. எண்பத்தொன்றில் பழைய சாமான் சந்தையில் வாங்கியது. ஒரு தடவைகூட ஓடாத புதுத் தட்டு. பிழையோடு அச்சான தட்டு, அதுவும் கீறலே இல்லாமல் கிடைப்பது என்றால் சேகரிப்பவனுக்குப் புதையல். பதூலிடம் சொன்னால் கேட்டு வாங்கிவிடுவாள் என்று வாயே திறக்கவில்லை. அவள் கதையைச் சொன்ன பிறகும் வருடக்கணக்காக அவள் முகத்தைப் பார்த்துத் தேநீர் குடித்துக்கொண்டே மறைத்தேன். வெட்கமாக இல்லையா என்று கேட்டால், இருந்தது. ஆனாலும் கொடுக்கவில்லை.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை. பழைய துணி வியாபாரியின் மூட்டையிலிருந்து நாற்பத்தோராவது பிரதி வந்தது. பதூல் தன் சட்டத்தைத் தானே மீறமாட்டாள், கேட்கப் போட்டாள். தன் முறைக்காக நாற்காலியில் காத்திருந்தவள் ரக்கியா, அசெம்மூர் ஊரில் தையல்காரி. இரண்டாம் பக்கத்தில் கொரகொரவென்று இரண்டு அடி கேட்டது, பிறகு முள் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. ரக்கியா துள்ளி எழுந்தாள்.

"அட, இது எங்க மஹ்ஜூபா சின்னம்மா குரலாச்சே!"

பதூலின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. "எந்த மஹ்ஜூபா?"

"எங்க தெருவுதான் லல்லா," என்றாள், பெரிய பெண்களை மரியாதையாக அழைக்கும் எங்கள் ஊர்ச் சொல்லால். "பொம்பளைங்க கூடுற இடத்துல அவங்கதான் முதல்ல பாட்டெடுப்பாங்க. நான் தட்டுல பாடினவன்னு சொல்லிட்டே இருப்பாங்க. யார் நம்புறா? அவங்க மருமக ஹஸ்னாவே விழுந்து விழுந்து சிரிப்பா."

பதூல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "நாளைக்கே போறோம். நீயும் வா அண்ணே, தனியாப் போக எனக்குத் தைரியம் இல்ல" என்றாள்.

மறுநாள் காலையில் ரக்கியாவோடு வாடகைக் காரில் கிளம்பினோம். எங்கள் ஊர் வழக்கப்படி ஆறு பேரை அதில் அடைத்திருந்தார்கள். பதூல் மடியில் பெட்டி போன்ற கையடக்க ரிக்கார்டு பிளேயர், என் மடியில் நாற்பத்தோரு தட்டுகள். "பெட்டியில என்ன, கோழியா?" என்று கேட்டான் பக்கத்தில் இருந்தவன். "ஆமா, கூவும்போது கேட்டுக்கோ" என்றேன். என் தோள்பையில் நாற்பத்திரண்டாவதும் இருந்தது. ஏன் எடுத்து வந்தேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

மஹ்ஜூபா முற்றத்தில் உட்கார்ந்து கூஸ்கூஸுக்கு ரவை சலித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ஆயிற்றே, எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அன்றைக்கு அதுதான். அகலமான முகம், மாவு படிந்த கைகள். ரக்கியா எங்களை அறிமுகம் செய்து முடிப்பதற்குள், தேநீர் வருவதற்கும் முன்னால், பதூல் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"லல்லா மஹ்ஜூபா, நீங்க பாடின தட்டுல உங்க பேரு வராததுக்கு நான்தான் காரணம். ரெண்டாம் பக்கத்தைக் கேக்காமலே கேட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நோன்பு, தலைவலின்னு சொல்றதெல்லாம் சாக்கு. திட்டணும்னா திட்டுங்க, வாங்கிக்கத்தான் வந்திருக்கேன்."

சல்லடை நின்றது. அடுப்படியிலிருந்து மருமகள் ஹஸ்னா எட்டிப் பார்த்தாள். "அப்போ நெசமாவே பாடினீங்களா அத்தை?"

"பத்து வருஷமா அதைத்தானேடி கத்திட்டிருக்கேன்!"

"எங்க, போட்டுக் காட்டச் சொல்லுங்க. கேட்டாத்தான் நம்புவேன்."

பதூல் முதல் தட்டைப் போட்டாள். இரைச்சல். இரண்டாவதில் முள் நிற்கவே இல்லை. மூன்றாவதில் ஒரே அடி திரும்பத் திரும்பச் சுற்றியது. எல்லாமே கல்யாணங்களில் தேய்ந்த தட்டுகள், பாவம். "அத்தை, இது மீன் பொரிக்கிற சத்தம்!" என்று ஹஸ்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எட்டுத் தட்டு போட்டுப் பார்த்தோம். பதூல் ஒன்பதாவதை உறையிலிருந்து பாதி எடுத்துவிட்டுத் திரும்ப உள்ளே தள்ளினாள். இத்தனை வருடம் சேர்த்துவைத்த ஒன்றிலும் அந்தப் பெண்ணின் குரலைக் கையில் கொடுக்க முடியவில்லை.

"விடுங்கக்கா. தேடி வந்தீங்களே, அதுவே போதும். அந்தப் பாட்டும் தேஞ்சுபோச்சு, நானும் தேஞ்சுபோயிட்டேன்" என்று மஹ்ஜூபா சிரித்துக்கொண்டே சல்லடையைக் கையில் எடுத்தாள்.

அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. தோள்பையைத் திறந்து என் தட்டை நீட்டினேன். பதூல் வாங்கினாள், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"எத்தனை வருஷமா?"

"எண்பத்தொண்ணுல இருந்து."

"அடப்பாவி மனுஷா! என் தேநீரைக் குடிச்சுக்கிட்டேவா?"

"அப்புறமா திட்டு. இப்போ போடு."

முள் இறங்கியது. முதலில் தர்புக்கா மேளம், பிறகு மிலூத்தின் வயலின், பிறகு அவள். பதினெட்டு வயதுப் பெண், பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவதுபோல அவ்வளவு தெளிவாகப் பாடினாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. சொந்தத் தட்டை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்கிறேன், முட்டாள். ஹஸ்னா கையில் இருந்த கரண்டியோடு நடந்துவந்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள். மஹ்ஜூபா மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசி அடியில் கையை எடுத்துவிட்டுத் தட்டோடு சேர்ந்து பாடினாள். குரல் தடித்திருந்தது, ஆனால் அதே குரல்தான். ஹஸ்னா குலவையிட்டாள் பாருங்கள், பக்கத்து வீட்டு மாடியிலிருந்தும் பதிலுக்குக் குலவை வந்தது.

பாட்டு முடிந்ததும் மஹ்ஜூபா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினாள். "எங்க மாமா ஒருத்தர், மிலூத்தோட குழுவுல மேளம் அடிச்சவரு. தர்காவுக்குப் போறோம்னு வீட்ல பொய் சொல்லித்தான் என்னைப் பாடக் கூட்டிட்டுப் போனாரு. அப்போ எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்துச்சு. தட்டு வந்துச்சு, பேரு இல்ல. மூணு நாள் அழுதேன். அப்புறம் என் கல்யாணத்துலயே மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அதைப் போட்டாங்க. என் மாமியார் எந்திரிச்சு ஆடினாங்க. 'யாரு பெத்த வெக்கங்கெட்டதோ, ஆனா என்ன குரலு!'ன்னாங்க. என் பேரு மட்டும் அதுல இருந்திருந்தா மருதாணி காயறதுக்குள்ள என்னை அம்மா வீட்டுக்கே அனுப்பியிருப்பாங்க."

"அப்போ நான் பண்ணினது..." என்று பதூல் இழுத்தாள்.

"நல்லதுன்னு சொல்ல மாட்டேன்கா. அந்தக் காலத்துல இந்த ஊர்ல ஒவ்வொரு கல்யாணத்துலயும் என் பாட்டுக்கு ஊரோட சேர்ந்து நானும் கை தட்டிட்டு உக்காந்திருந்தேன். அது என்ன வலின்னு உங்களுக்குத் தெரியாது." சல்லடையைத் தள்ளி வைத்தாள். "மாமியார் போயிப் பத்து வருஷமாச்சு, என் வீட்டுக்காரரும் போயாச்சு. இனிமே யாருக்குப் பயம்? ஹஸ்னா, பேனா எடுத்துட்டு வா."

மஹ்ஜூபா இரண்டு வருடமாகப் பள்ளிவாசல் வகுப்பில் எழுத்துப் படிக்கிறாளாம். கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். நேராக என் தட்டை எடுத்தாள். முப்பத்து மூன்று வருடம் தூசி படாமல் காத்த லேபிள்! "லல்லா, அதுல வேண்டாம்..." என்று வாய் தவறி வந்துவிட்டது. பதூல் என்னை முறைத்த முறைப்பில், "இல்ல... மேல எழுதுங்க, கீழ இடம் பத்தாது" என்று மாற்றிக்கொண்டேன்.

ஓர் எழுத்தை முடித்து, பார்த்து, அடுத்த எழுத்துக்குப் போனாள். மஹ்ஜூபா. முடித்ததும் பேனாவைப் பதூலிடம் நீட்டினாள்.

"இப்போ நீங்க எழுதுங்கக்கா. அன்னிக்கு எழுதினதையே."

பதூல் பேனாவை வாங்கினாள். அந்தப் பெயருக்குக் கீழே, "கேட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு தட்டை மஹ்ஜூபாவின் கையில் கொடுத்தாள். இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள், நான் சுவரைப் பார்த்தேன்.

பச்சை அலமாரிக்கு இப்போது பூட்டு இல்லை. நாற்பத்தோரு பிரதிகளிலும் அன்று சாயங்காலத்துக்குள் மஹ்ஜூபா தன் கையாலேயே பெயர் எழுதிவிட்டாள். மீன் பொரிக்கிற சத்தத்தைக்கூடக் கல்லூரிப் பெண்கள் உட்கார்ந்து கேட்டு வாங்கிப் போகிறார்கள். என் தட்டு அசெம்மூரில் மஹ்ஜூபா வீட்டுச் சுவரில் தொங்குகிறது, கல்யாணம் என்றால் இறக்கிப் போடுகிறார்களாம். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. போன மாதம் ஹஸ்னாவின் தங்கை கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. போனேன். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஹஸ்னா எழுந்து நின்று, பாடியவர் யார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.