நெஞ்சுவலி சார்

தங்கை வேறு ஊருக்கு வேலை மாற்றிக்கொண்டு போன வெள்ளிக்கிழமை காலையில், அவர் நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். விரலால் அல்ல, மடக்கிய முஷ்டியால். மாரடைப்பு வந்தவர்கள் வலிக்கும் இடத்தை விரலால் சுட்டமாட்டார்கள். பெட்டியோடு வாசலுக்கு வந்தவள் பதறவில்லை. அந்த வீட்டில் அது அன்றாடக் காட்சி.

மருத்துவக் கல்லூரியில் நோயாளியாக நடிப்பது அவர் பிழைப்பு. மாணவர்கள் நிஜ நோயாளியிடம் போவதற்கு முன் இவரிடம் பேசிப் பழகுகிறார்கள். ஒரு நாள் லாரி டிரைவர்: வயிற்றுப்புண், குடி, மனைவி, இரண்டு பெண்கள். மறுநாள் ஓய்வுபெற்ற வாத்தியார்: மூச்சிரைப்பு, யாரிடமும் எதுவும் கேட்காத வீம்பு. சிறுநீரகக் கல் என்றால் உட்கார முடியாமல் புழுவாய்த் துடிப்பார். குடல்வால் வீக்கம் என்றால் முட்டியை மடக்கி அசையாமல் கிடப்பார். கண்ணீர்கூடச் சொன்ன நேரத்துக்கு வரும். மாணவர்கள் வைத்த பெயர், நெஞ்சுவலி சார்.

வேஷம் கல்லூரி வாசலோடு கழன்றுவிடுவதில்லை என்பதுதான் தொல்லை. டிரைவராக இருந்த அன்று, திரும்பும் வழியில் சிகரெட் வாங்கிவிட்டார். அவர் புகைத்ததே கிடையாது. வாங்கின கையோடு கடைக்காரரிடம் இரண்டு பெண்களைப் பற்றியும் அளந்துவிட்டார். அன்றிலிருந்து அந்த மனிதர் விடுவதாயில்லை.

"சின்னப் பொண்ணு பரீட்சை எப்படி எழுதிச்சு?"

"சுமாராத்தான் எழுதியிருக்காளாம்" என்பார், கல்யாணமே செய்துகொள்ளாத இவர்.

அந்த வெள்ளிக்கிழமை, தங்கை பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "நான் போனா உனக்குக் கஷ்டமா இருக்குமாண்ணா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் அவள் நின்றாள். அவருக்கும் அது தெரியும். வாயைத் திறந்தார், வாத்தியார் வந்துவிட்டார்.

"நீ உன் வேலையைப் பாரும்மா. நான் சமாளிச்சுக்குவேன்."

"இது யாரு, போன வாரத்து வாத்தியாரா?" அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "எங்க அண்ணன் வீட்டுக்கு வந்தா, நான் கேட்டேன்னு சொல்லு."

வண்டி தெருமுனை திரும்பிய பிறகும் அவர் கதவைச் சாத்தவில்லை.

முதலில் வாரம் ஒருமுறை கூப்பிட்டாள். "நல்லா இருக்கேன் பாப்பா" என்பார், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஆளாக. அழைப்புகள் இளைத்து, ஒருநாள் நின்றே போயின. இரண்டு தட்டு வைத்துப் பழகிய மேஜையில் ஒரு தட்டை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல், நின்றுகொண்டே சாப்பிட்டார். பிறகு சோறே இறங்கவில்லை. தூக்கமும் போயிற்று.

கடைசியில் தெருக்கோடி கிளினிக்குக்குப் போனார். அங்கே டாக்டராக இருந்தவள் முன்பு அவரிடம் பேசிப் பழகிய மாணவி.

"நெஞ்சுவலி சார்! இன்னைக்கு என்ன வேஷம்?"

"இல்லம்மா, இன்னைக்கு நிஜம்."

அவள் முகம் மாறியது. நாற்காலியை நகர்த்திப் போட்டாள். எப்போதிலிருந்து, என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் தங்குதடையில்லாமல் சொல்லிக்கொண்டு போனார்.

"வீட்டுல யார் யார் இருக்காங்க?"

"சம்சாரம், ரெண்டு பொண்ணு, டாக்டர்."

அவள் பேனாவை வைத்துவிட்டாள். "சார், இது பரீட்சை இல்ல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்படின்னா கொஞ்சம் யோசிச்சுத்தாம்மா சொல்லணும்."

அடுத்த மழைக்காலத்தில், ஒரு சாயங்காலம், தங்கையிடமிருந்து செய்தி வந்தது. "உனக்கு உடம்பு சரியில்லன்னு பக்கத்து வீட்டக்கா சொன்னாங்க. நிஜமாவா? இல்ல, ஒத்திகையா?"

ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து தட்டினார். "ஒண்ணும் இல்லம்மா, வயசாச்சில்ல." அது வாத்தியார். அழித்தார். "வயித்துல சின்னப் புண்ணு, அவ்வளவுதான்." டிரைவர். அதையும் அழித்தார். பிறகு மெதுவாக, எழுத்தெழுத்தாக: "தனியா இருக்க முடியல பாப்பா."

வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். நடுவில் உடைந்து, கொஞ்சம் குழந்தைத்தனமாக, எந்த வகுப்பிலும் கேட்டிராத ஒரு குரல் வெளியே வந்தது. யாருடையது என்று பிடிபடவில்லை. இன்னொரு தடவை படித்தார், அதே குரல். அது மாறிவிடுவதற்குள் செய்தியை அனுப்பினார்.